ஒரு நாள் பெட்ரோல் போடாவிட்டால் விலை இறங்குமா? – வேலூர் விவாதம்

பாலாற்றங்கரை:
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. "வரும் ஞாயிறு யாரும் பங்க் பக்கம் போகாதீர்கள், விற்பனை படுத்தால் விலை தானாக இறங்கும்" என்று. இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி வருஷக்கணக்கில் ஆகிறது. எவ்வளவு ஏற்றினாலும் வாங்குவார்கள் என்ற தைரியம்தான் விலையை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த தைரியத்தை ஒரு நாளாவது உடைக்க வேண்டும்.

பங்க்_கணக்கு:
ஞாயிறு போடாத பெட்ரோலை சனி ராத்திரியோ திங்கள் காலையோ போட்டுத்தான் ஆக வேண்டும். வண்டி ஓடும் கிலோமீட்டர் குறையாதவரை வாங்கும் லிட்டர் குறையாது. 1999 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவில் இதே மாதிரி மின்னஞ்சலில் சுற்றவிட்டு ஒரு நாள் புறக்கணிப்பு நடத்தினார்கள். விலை அசையவில்லை.

இங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சனிக்கிழமை கிரீன் சர்க்கிளில் இருந்து சத்துவாச்சாரி வரை எல்லா பங்க்கிலும் வரிசை நிற்கும். தரைக்கடியில் இருக்கும் டேங்கில் கடைசி சில அங்குலத்தை பம்ப் இழுக்காது. டிப் ராடு (டேங்கில் விட்டு அளக்கும் கோல்) அந்தக் கோட்டைக் காட்டிவிட்டால் நாசிலை மூட வேண்டியதுதான். அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தண்ணீர் அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கிவிடும். அது வண்டிக்குள் போனால் ஸ்டார்ட் ஆகாது.

நஷ்டம் யாருக்கு? டீலருக்கு லிட்டருக்கு மூன்று, நான்கு ரூபாய்தான் கமிஷன். 12,000 லிட்டர் லோடு ஒன்றுக்கு 11 லட்சத்துக்கு மேல் முன்பணம் கட்டித்தான் எடுக்கிறார். விலையை அவர் போடுவதில்லை. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணி விலையை எண்ணெய் கம்பெனிதான் அனுப்புகிறது.

பாலாற்றங்கரை:
டீலர் மீது எனக்குக் கோபம் இல்லை சார். ஆனால் தினமும் காலை விலை மாற்ற முடிகிறவர்கள் ஐந்து மாநிலத் தேர்தல் வந்தபோது என்ன செய்தார்கள்? 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை ஒரு பைசா மாறவில்லை. ஓட்டு எண்ணி முடிந்ததும் மார்ச் 22ல் தொடங்கி பெரும்பாலான நாள் 80 பைசா, 80 பைசாவாக இரண்டே வாரத்தில் 10 ரூபாய் ஏற்றினார்கள். விலையை நிறுத்தி வைக்க முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். மக்கள் கோபம் என்றால் அசைகிறார்கள். அந்தக் கோபத்தைத் தேர்தல் இல்லாத நாளிலும் காட்ட ஒரு வழிதான் புறக்கணிப்பு.

பங்க்_கணக்கு:
ஓட்டுக்கு அசைந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். விற்பனை சரிவுக்கு அசைந்தார்களா? அதற்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது: 2020 ஏப்ரல் ஊரடங்கு. நாடு முழுக்க எரிபொருள் விற்பனை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஏப்ரல் 20ல் அமெரிக்கக் கச்சா எண்ணெய் முன்பேர விலை (பிறகு எடுக்கும் சரக்குக்கு இப்போதே பேசும் விலை) பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. இங்கே பங்க் விலை இறங்கியதா? மார்ச் 16 முதல் 82 நாள் கம்பெனிகள் விலையைத் தொடவே இல்லை. மே மாதம் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. கச்சா எண்ணெய் மலிந்த லாபம் அப்படியே வரிக்குள் போய்விட்டது. ஜூன் 7 முதல் பங்க் விலையும் ஏற ஆரம்பித்தது.

ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த மாதங்களில் நடக்காதது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்காது.

கொணவட்டம்_லோடு:
லாரிக்காரங்க கணக்கையும் சேத்துக்குங்க. 2021 நவம்பர்ல கர்நாடகா டீசல் வரில 7 ரூபா குறைச்சுது. நம்ம பக்கம் அப்ப குறைக்கல. சென்னை–பெங்களூர் ரோட்ல ஓட்றவன் அத்திப்பள்ளி தாண்டி ஃபுல் டேங்க் அடிச்சிட்டு வந்து, சென்னை போய்த் திரும்பி வர்ற வரைக்கும் இங்க சொட்டு போட மாட்டான். போக வர 700 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுத்தா 175 லிட்டர். அவ்ளோக்குமான வரி நம்ம மாநிலத்துக்கு நஷ்டம். அதுக்காக இங்க டீசல் வரி குறைஞ்சுதா? இல்ல.

வடக்கால பாருங்க. ஆந்திராவுல பெட்ரோலுக்கு வாட் (மாநில விற்பனை வரி) 31 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 4 ரூபா, ரோட்டுக்குன்னு தனி வரி (செஸ்) 1 ரூபா. சித்தூர் வண்டிங்க கிறிஸ்டியான்பேட்டை தாண்டி காட்பாடி பக்கம் வந்து ரொப்பிக்கினு போவுது. 1911 வரைக்கும் சித்தூரும் நம்ம வடாற்காடு மாவட்டம்தான், அதுக்கு சித்தூர்தான் தலைநகரம். இப்ப ஒரு கோடு தாண்டினா லிட்டருக்கு ஏழெட்டு ரூபா வித்தியாசம். வருஷம் முழுக்க நடக்கிற புறக்கணிப்பு அது. ஆந்திரா அசையல.

பாலாற்றங்கரை:
அண்ணே, அது புறக்கணிப்பு இல்லை. அவரவர் செலவுக் கணக்கு. கோரிக்கை இல்லை, கெடு இல்லை, யாரிடம் கேட்கிறோம் என்பதும் இல்லை. கோரிக்கையோடு செய்தால் பலன் உண்டு. மொராக்கோவில் 2018ல் ஒரு பால் கம்பெனி, ஒரு தண்ணீர் கம்பெனி, ஒரு பெட்ரோல் பங்க் கம்பெனி என்று மூன்றை மட்டும் குறி வைத்து மாதக்கணக்கில் வாங்காமல் இருந்தார்கள். பால் கம்பெனி விலையைக் குறைத்தது. இங்கேயும் ஒரே ஒரு எண்ணெய் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து ஒதுக்கலாமே?

பங்க்_கணக்கு:
பால் சில நாளில் விற்காவிட்டால் கெட்டுப்போகும், அந்த நெருக்கடி பால் கம்பெனிக்கு உண்டு. பெட்ரோல் டேங்கில் அப்படியே கிடக்கும். நாளைக்கு விற்கும்.

ஒரு கம்பெனியை ஒதுக்குவதும் இங்கே நடக்காது. நாட்டில் பத்தில் ஒன்பது பங்க் மூன்று பொதுத்துறை கம்பெனிகளுடையது. மூன்றின் விலைக்கும் சில பைசாதான் வித்தியாசம். ஒருவர் ஆலையில் காய்ச்சியதை இன்னொருவர் டெர்மினலில் (கிடங்கில்) ஏற்றிக்கொள்ளும் ஒப்பந்தமும் அவர்களுக்குள் உண்டு. நீங்கள் ஒரு பெயர்ப்பலகையை விட்டு எதிரில் இருக்கும் பங்க்குக்குப் போனால் ஊற்றுவது பெரும்பாலும் அதே மணலி ஆலைச் சரக்குதான். ஆலை வாசல் விலையும் சர்வதேசச் சந்தையை ஒட்டிப் போடுவது. வேலூரில் எத்தனை லிட்டர் விற்றது என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

குடியாத்தம்_தறி:
இரண்டு பேரும் கச்சா எண்ணெயிலும் கம்பெனியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கை வைக்கக்கூடிய இடம் வரிதான் அண்ணா. 2025 ஏப்ரல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய கலால் லிட்டருக்கு 21.90. அதில் அடிப்படைக் கலால் வெறும் 1.40. சிறப்புக் கூடுதல் கலால் 13, சாலை செஸ் 5, வேளாண் செஸ் 2.50. மாநிலங்களோடு பங்கு போடுவது அந்த 1.40ஐ மட்டும்தான். மிச்சம் முழுவதும் டெல்லியிலேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டு வாட் 13 சதவீதம், அதோடு நிலையாக 11.52 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 22. நூற்றுச் சொச்சம் விலையில் வரி மட்டும் 44. கச்சா எண்ணெய் பாதியாக இறங்கினாலும் 21.90ம் 11.52ம் இறங்காது, ஏனென்றால் அவை சதவீதம் இல்லை.

குறைத்ததும் உண்டு. 2021 ஆகஸ்ட் 14ல் மாநிலம் 3 ரூபாய் குறைத்தது. தேர்தல் வாக்குறுதி என்று பிடித்துக் கேட்டதால் வந்தது அது. அந்த வருஷம் நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய், 2022 மே மாதம் 8 ரூபாய் குறைத்தது. எதுவும் பங்க் வாசலில் கேட்டு வந்ததில்லை.

பாலாற்றங்கரை:
அப்படியென்றால் ஞாயிறு யோசனையை விட்டுவிடுகிறேன், புறக்கணிப்பை விடமாட்டேன். வாரத்தில் ஒரு வேலை நாள் வண்டியை எடுக்காமல் இருப்போம். தினம் 30 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக் என்றால் மாதம் நாலு நாளில் 2.4 லிட்டர். வீட்டுக்கு 240 ரூபாய் மிச்சம். அந்த 2025 கணக்குப்படி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் தலா 50 ரூபாய்க்கு மேல் வரி குறையும். இது திங்கட்கிழமை திரும்பி வராத லிட்டர். காட்பாடி–பாகாயம் தடத்தில் டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது, பெண்களுக்கு சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே இல்லை. கூடவே எழுத்தில் ஒரு கோரிக்கை: கச்சா எண்ணெய் ஏறினால் அந்த 11.52 அதே அளவு இறங்க வேண்டும்.

கொணவட்டம்_லோடு:
காட்பாடிக்கு பஸ் இருக்கு தம்பி. ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்துல இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஷிப்டுக்கு வர்றவனுக்கு இன்னா இருக்கு? ராத்திரி ஷிப்டு உடறப்ப ஊருக்கு பஸ் கிடையாது. ஒரு பைக்ல ரெண்டு பேரு ஏற்கெனவே பங்கு போட்டுக்கினுதான் வர்றாங்க. அவனால குறைக்க முடியாது, குறைக்கச் சொல்றதும் நியாயமில்ல. கார்ல ஒத்த ஆளா போறவங்க கிட்ட மொதல்ல சொல்லுங்க.

பங்க்_கணக்கு:
வாரம் ஒரு நாள் என்பது நிஜமாகவே நுகர்வைக் குறைக்கும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் வரி வருமானம் குறைந்தால் அரசு வரியைக் குறைக்கும் என்று நினைப்பது தப்பு. 2020 மே மாதம் தமிழ்நாடும் வாட்டை ஏற்றியது. சதவீதம் + நிலையான ரூபாய் என்ற அமைப்பே அப்போது வந்ததுதான், முதலில் 15 சதவீதம் + 13.02 என்று இருந்தது, 2021ல் குறைத்தபோதுதான் 13 சதவீதம் + 11.52 ஆனது. வருமானம் விழுந்தால் அவர்கள் கை போவது ஏற்றும் பக்கம்தான். உங்கள் கோரிக்கையில் பலம் இருக்கிறது, 2.4 லிட்டரில் இல்லை.

கோரிக்கையில் இன்னொன்றும் இருக்க வேண்டும்: வரி குறையும்போது டீலர் கையில் இருக்கும் சரக்கின் நஷ்டத்துக்கு ஒரு வழி. வரியை ஒரே ராத்திரியில் குறைத்தால் நிரம்பிய டேங்கோடு நிற்கும் டீலர் 20,000 லிட்டருக்கு 5 ரூபாய் வீதம் ஒரு லட்சம் இழக்கிறார். 2021 நவம்பரில் தீபாவளிக்கு முந்தின நாள் அறிவித்தபோது, விடுமுறைக்காக இருப்பு வைத்த பங்க்குகளுக்கு அதுதான் ஆனது.

குடியாத்தம்_தறி:
டீசலையும் எழுதுங்கள். டீசலுக்கு 11 சதவீதத்தோடு நிலையாக 9.62 ரூபாய், 2020 மே மாதம் போட்டது. 2021ல் பெட்ரோலுக்குக் குறைத்தபோது இதைத் தொடவே இல்லை. வேலூர் மார்க்கெட்டுக்கு வரும் தக்காளியும் குடியாத்தத்துக்கு வரும் நூல் மூட்டையும் டீசலில்தான் வருகின்றன. பைக் இல்லாத வீடும் அந்த 9.62ஐக் கட்டுகிறது, அதை எந்தப் புறக்கணிப்பாலும் அவர்கள் தவிர்க்க முடியாது. அதனால் கோரிக்கையில் முதல் வரி டீசல், இரண்டாவது பெட்ரோல்.

பாலாற்றங்கரை:
சரி, டீசலை மேலே போடுகிறேன். வாரம் ஒரு நாள் வண்டி எடுக்காமல் இருப்பதை மட்டும் கோரிக்கையிலிருந்து நீக்கமாட்டேன். அதைக் கீழே கையெழுத்துப் போடுகிறவர் விருப்பத்துக்கு விடலாம்.