கலைச்சொல் விவாதம்: இன்லைன், அட்டாச்மென்ட் இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது?

> கன்டென்ட்-டிஸ்பொசிஷன்: உள்ளடக்க இயல்பு. இன்லைன்: உள்வரி. அட்டாச்மென்ட்: இணைப்பு. இப்படியே பட்டியலில் ஏற்றிவிடலாமா?

வணக்கம் ஐயா.

ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்பது, கோப்பைத் திரையில் காட்டுவதா (இன்லைன்), தனியாக இறக்கித் தருவதா (அட்டாச்மென்ட்) என்று வழங்கி (சர்வர்) கோப்போடு உலாவிக்கு அனுப்பும் தலைப்புவரி (ஹெடர்). ‘இணைப்பு’தான் பெரிய சிக்கல். லிங்க்கையும் இணைப்பு என்கிறோம், கனெக்‌ஷனையும் இணைப்பு என்கிறோம். “இணைப்பைத் தட்டினால் இணைப்பாக வரும்” என்று உதவிக் குறிப்பில் எழுதினால் யாருக்குப் புரியும்? ‘உள்வரி’ ஆங்கிலச் சொல்லை உடைத்து ஒட்டியது. ‘இயல்பு’ பொருளே மாறிவிட்டது. கோப்பின் இயல்பைச் சொல்வது கன்டென்ட்-டைப், இது வேறு.

இந்தப் பெயர்கள் மின்னஞ்சலுக்குப் பிறந்தவை. படத்தை மடலுக்குள்ளேயே காட்டுவதா, தனிக் கோப்பாகத் தொங்கவிடுவதா என்பதற்காக 1997இல் ஆர்எஃப்சி 2183 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. வலைக்கு 2011இல் ஆர்எஃப்சி 6266 முறைப்படுத்தியது. வலையில் எதுவும் எதனோடும் ஒட்டப்படுவதில்லை. சிங்கப்பூர்த் தேக்கா உணவுக்கடையில் “இங்கேயே சாப்பிடவா, கட்டவா?” என்று கேட்கிறார்களே, அதுதான் இது. பிரியாணி ஒன்றுதான், கொடுக்கும் விதம் வேறு.

அதனால் தலைப்புவரிக்குக் ‘கையளிப்புக் குறிப்பு’ என்று முன்மொழிகிறேன். இன்லைனுக்குப் ‘பார்வைக்கு’, அட்டாச்மென்டுக்குப் ‘பதிவிறக்கத்துக்கு’. ‘காட்டு’ என்றும் யோசித்தேன். ‘காட்டுமுறை’ என்று சேர்த்து எழுதினால் காடு வந்துவிடுகிறது. ‘திற’வும் சரிவராது, இறக்கி முடித்த கோப்புக்கும் உலாவி ‘திற’ என்றே பொத்தான் காட்டும்.

‘கட்டளை’ என்று சொல்லாமல் ‘குறிப்பு’ என்றது தெரிந்தேதான். வழங்கி ‘பார்வைக்கு’ என்று அனுப்பினாலும், கன்டென்ட்-டைப்பில் ஆக்டெட்-ஸ்ட்ரீம் (வகை சொல்லாத வெறும் பைட்டுகள்) என்று இருந்தால் உலாவி கோப்பை இறக்கத்தான் செய்யும். “பிடிஎஃப் திறக்கவில்லை, இறங்குகிறது” என்ற புகார் வந்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள். ஜிப் கோப்பைக் காட்ட உலாவிக்கு வழியே இல்லை.

எச்டிஎம்எல்லில், லிங்க்கில் எழுதும் ‘டவுன்லோடு’ பண்புக்கூறும் (அட்ரிபியூட்) உண்டு. அது அதே தளத்துக் கோப்புக்குத்தான் செல்லும். பக்கம் ஓரிடத்திலும் கோப்பு வேறொரு சேமிப்பகத்திலும் இருந்தால் உலாவி அதைப் பொருட்படுத்தாது. அங்கே வழங்கியின் கையளிப்புக் குறிப்பை மாற்றினால்தான் உண்டு. தலைப்புவரி ‘பார்வைக்கு’, பண்புக்கூறு ‘இறக்கு’ என்று மோதினால் குரோம் இறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 82ஆம் பதிப்பிலிருந்து இறக்குகிறது, அதற்கு முன் காட்டியது.

என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருளில் ஒரு பொறி இருக்கிறது. அதன் அமைவுக் கோப்பின் வெளித் தொகுதியில் எழுதிய, தலைப்புவரி சேர்க்கும் ‘ஆட்-ஹெடர்’ வரிகள், உள்தொகுதியில் இன்னொரு ‘ஆட்-ஹெடர்’ வந்தவுடன் அங்கே மரபாக வராமல் போய்விடும். கையளிப்புக் குறிப்பைச் சேர்க்கப்போய்ப் பாதுகாப்புத் தலைப்புவரிகளை இழந்துவிடாதீர்கள். உள்ளேயும் திரும்ப எழுதுங்கள்.

பயனர் ஏற்றும் எஸ்விஜி படங்களையும் எச்டிஎம்எல் கோப்புகளையும் உங்கள் தள முகவரியிலேயே தருவதானால் பதிவிறக்கத்துக்கே அனுப்ப வேண்டும். பார்வைக்கு அனுப்பினால் அதற்குள் இருக்கும் நிரல் உங்கள் தளத்தின் உரிமையோடு ஓடும்.

---

வணக்கம் அம்மா.

‘இணைப்பு’ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். கையளிப்புக் குறிப்பு நன்றாக இருக்கிறது. ‘பார்வைக்கு’தான் எனக்கு இடிக்கிறது. நூலகத்தில் பார்வை நூல் என்றால் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அதே நினைப்பில், பார்வைக்கு வைத்த பிடிஎஃப்பை யாரும் சேமிக்க முடியாது என்று அலுவலகத்தில் நம்பிவிடுவார்கள். உண்மையில் திரையில் தெரியும்போதே கோப்பு அவருடைய கருவிக்கு வந்துவிட்டது. ஒரு பொத்தானில் சேமித்துக்கொள்ளலாம்.

---

அந்த ஐயம் சரியானது, ஐயா. அப்படியானால் கலைச்சொல் பட்டியலில் ‘பார்வைக்கு’ பக்கத்தில் “‘மட்டும்’ சேர்க்கக் கூடாது, இது தடை அன்று” என்று எழுதிவைப்போம். பொத்தானில் ‘பார்க்க’, ‘பதிவிறக்க’ போதும். நான்கு அதிகாரத்துவ மொழிகளும் அருகருகே வரும் பக்கங்களில் தமிழ்ப் பொத்தான்தான் முதலில் இரண்டு வரியாக மடங்குகிறது.

கோப்புப்பெயரையும் சேர்த்துவிடுங்கள். தலைப்புவரியில் நட்சத்திரக் குறியுள்ள ‘ஃபைல்நேம்’ கூறு ஒன்று உண்டு, அதில்தான் தமிழ்ப் பெயர் போக வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 5 யுனிகோடு குறியெண்கள், யுடிஎஃப்-8இல் 15 பைட்டுகள், அந்தக் கூறுக்கு வேண்டிய சதவீதக் குறியில் (ஒரு பைட்டுக்கு % குறியும் இரண்டு எழுத்தும்) எழுதினால் 45 எழுத்துகள். நட்சத்திரம் இல்லாத கூறில் நேராகத் தமிழை இட்டால் பெயர் சிதைந்து இறங்கலாம். அந்தக் கூறில் எளிய ரோமன் எழுத்துப் பெயர் ஒன்றை வையுங்கள், பழைய மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டில் முதலாவதற்கு ‘விரிகுறிப் பெயர்’ என்றும் மற்றதற்கு ‘மாற்றுப் பெயர்’ என்றும் இடலாமா?