அமெரிக்காவில் சர்ஜிக்கல் டெக் படிப்பு: எங்கிருந்து ஆரம்பிக்கறது?

புதுத்துளிர்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் எச்4-ல (கணவரோட வேலை விசாவைச் சார்ந்த விசா) டெக்சாஸ் வந்தேன், இப்ப ஈ.ஏ.டி. (வேலை பார்க்கற அனுமதி அட்டை) கையில இருக்கு. பையன் ஸ்கூல் போக ஆரம்பிச்சுட்டான். திரும்பவும் லேப்ல போய் உக்கார மனசில்ல. ஆபரேஷன் தியேட்டர் வேலைன்னா எனக்குப் பிடிக்கும்னு தோணுது. ஆபரேஷன்ல சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கற சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் கோர்ஸ் பத்தி விசாரிச்சா, கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் ஒரு தனியார் நிறுவனம், நாலே மாசம், எல்லாமே ஆன்லைன், இந்த வாரம் சேர்ந்தா ஃபீஸ்ல தள்ளுபடின்னு தினமும் போன் பண்றாங்க. என் டிகிரிக்கு இங்க மதிப்பு உண்டா? நுழைவுத் தேர்வு ஏதாவது எழுதணுமா? சின்ன கோர்ஸா பார்த்துச் சேர்ந்தா என்ன குறைஞ்சிடும்?

மேயோஸ்டாண்ட்:

அந்த நாலு மாசக்காரங்க அடுத்த தடவை கூப்பிட்டா, இந்த சர்ஜிக்கல் டெக் புரோகிராமுக்கு சி.ஏ.ஏ.எச்.இ.பி., ஏ.பி.எச்.இ.எஸ்.னு சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர்ற ரெண்டு அமைப்புல ஒண்ணோட அங்கீகாரமாவது இருக்கான்னு மட்டும் கேளுங்க. "எங்க இன்ஸ்டிட்யூட் அங்கீகாரம் பெற்றது"ன்னு பதில் வரும். அதுல மயங்கிடாதீங்க. நிறுவனத்துக்கு இருக்கறது வேற, அந்தக் குறிப்பிட்ட புரோகிராமுக்கு இருக்கறது வேற. ரெண்டு அமைப்போட வெப்சைட்லயும் பட்டியல் இருக்கு, அதுல பேர் வந்திருக்கான்னு நீங்களே பார்த்துடுங்க. ஃபீஸ், தூரம், டைமிங் எல்லாம் அதுக்கப்புறம் யோசிக்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இங்க ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கறது சி.எஸ்.டி. (சான்றிதழ் பெற்ற சர்ஜிக்கல் டெக்) சர்டிஃபிகேட். அந்தப் பரீட்சையை நடத்தறது என்.பி.எஸ்.டி.எஸ்.ஏ.-ங்கற வாரியம். மேல சொன்ன ரெண்டு அங்கீகாரத்துல ஒண்ணு உள்ள புரோகிராம்ல படிச்சவங்களையும், ராணுவத்துல இந்தப் பயிற்சி எடுத்தவங்களையும்தான் எழுத விடுவாங்க. அங்கீகாரம் இல்லாத இடத்துல எவ்வளவு நல்லாப் படிச்சாலும் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டாங்க. அதுவும் நீங்க இருக்கறது டெக்சாஸ். சர்டிஃபிகேட் இல்லாதவங்களை எடுக்கறதுக்கு அங்க மாநிலச் சட்டமே கட்டுப்பாடு வச்சிருக்கு, சில விதிவிலக்கு உண்டு. வேற ஒரு சான்றிதழ் வாங்கித் தர்றோம்னு சிலர் சொல்வாங்க. அதுக்கும் ஸ்க்ரப் பண்ணின, அதாவது கை கழுவி ஸ்டெரைல் கவுன் போட்டு ஆபரேஷன்ல நின்ன, கேஸ் கணக்கு காட்டணும், வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா கேஸ் வராது.

கேஸ்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன், ஏன்னா படிப்போட உயிரே இதுலதான் இருக்கு. முடிக்கறதுக்குள்ள குறைஞ்சது 120 ஆபரேஷன்ல நீங்க ஸ்க்ரப் ஆகியிருக்கணும். 30 ஜெனரல் சர்ஜரி, அதுல 20 ஃபர்ஸ்ட் ஸ்க்ரப்பா. மீதி 90 ஆர்த்தோ, கைனக், யூரோ, ஈ.என்.டி. மாதிரி மத்த பிரிவுகள்ல. அதுல 60 ஃபர்ஸ்ட் ஸ்க்ரப், அதுவும் நாலு பிரிவுக்காவது பரவியிருக்கணும். சும்மா டாக்டர் பக்கத்துல நின்னா ஃபர்ஸ்ட் ஸ்க்ரப் ஆகாது. சாமான் எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கறது, ஸ்டெரைல் ஃபீல்ட் (கிருமி இல்லாத இடம்) அமைக்கறது, அதுக்கு வெளிய நிக்கற சர்க்குலேட்டிங் நர்ஸோட சேர்ந்து கவுண்ட் (பஞ்சு, ஊசி, கருவி எண்ணிக்கை) எடுக்கறது, கேஸ் ஓடும்போது இன்ஸ்ட்ருமென்ட் எடுத்துக் கொடுக்கறது, கடைசிவரைக்கும் ஸ்டெரிலிட்டி கெடாம காப்பாத்தறது. இந்த அஞ்சும் நீங்க பண்ணியிருந்தாத்தான் கணக்கு. நடுவுல ப்ரீசெப்டர் (கூட நின்னு கத்துக் கொடுக்கறவர்) வேலையை வாங்கிக்கிட்டார்னா அது செகண்ட் ஸ்க்ரப்.

அதனால காலேஜ்ல ஓரியன்டேஷன் போகும்போது இதைக் கேளுங்க: கிளினிக்கல் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) இடம் நீங்க ஏற்பாடு பண்றீங்களா, நாங்க தேடிக்கணுமா? எந்த ஆஸ்பத்திரி? எத்தனை மணிக்கு வரணும்? பெரும்பாலும் காலைல ஏழுக்குள்ள தியேட்டர்ல இருக்கச் சொல்வாங்க. பையனை யார் ஸ்கூலுக்கு விடறதுன்னு அன்னிக்குக் காலைல யோசிக்க முடியாது. கிளினிக்கலுக்குச் சம்பளமும் கிடையாது.

சேர்க்கை விஷயம் இதோட பார்த்தா சுலபம். ஹை ஸ்கூல் முடிச்சிருந்தா போதும்னுதான் அடிப்படைத் தகுதி. ஆனா பல காலேஜ்ல அனாடமி-ஃபிசியாலஜி, மெடிக்கல் டெர்மினாலஜி, இங்கிலீஷ் காம்போசிஷன் எல்லாம் முன்னாடியே குறைஞ்சது சி கிரேடோட முடிச்சிருக்கணும். உங்க மார்க்‌ஷீட்டை டபிள்யூ.ஈ.எஸ். மாதிரி வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடற ஒரு இடத்துல கோர்ஸ்வாரியா மதிப்பீடு பண்ணி வாங்குங்க. பொதுப் பாடங்கள் சிலது மறுபடி படிக்காமலே கழியலாம். அனாடமி கழியும்னு நம்பாதீங்க. உங்க மைக்ரோபயாலஜியும் பழசாயிடுச்சுன்னா சில காலேஜ் ஏத்துக்காது, சயின்ஸ் பாடத்துக்கு இத்தனை வருஷத்துக்குள்ள எடுத்திருக்கணும்னு வச்சிருப்பாங்க. நுழைவுத் தேர்வு காலேஜைப் பொறுத்தது. சில இடத்துல டீஸ், சில இடத்துல ஹெசி, சில இடத்துல ஒண்ணுமே இல்ல. சீட்டு கொஞ்சம்தான், அதனால கிரேடுக்கும் தேர்வுக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்துவாங்க. இது தவிர பேக்கிரவுண்ட் செக், டிரக் டெஸ்ட், பி.எல்.எஸ். சி.பி.ஆர். கார்டு (உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்று) எல்லாம் வழக்கமா உண்டு.

உங்க டிகிரி வீண்னு நினைக்காதீங்க. ஸ்டெரிலைசேஷன், ஸ்போர்னு பாடம் வரும்போது மத்தவங்க முழிப்பாங்க, நீங்க நிமிர்ந்து உக்காருவீங்க.

வழிப்போக்கன்:

எல்லாம் சரி மேடம், ஆனா ரெண்டு வருஷம் செலவழிக்கறதுன்னா அதே கம்யூனிட்டி காலேஜ்ல நர்ஸிங் அசோசியேட் டிகிரி படிச்சு ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆயிடலாமே? சம்பளமும் அதிகம், ஐ.சி.யூ., கிளினிக்னு எங்க வேணா போகலாம். டெக்னா தியேட்டரை விட்டு வெளியில வர முடியாது. என் மனைவி ஆர்.என்., அதனாலதான் சொல்றேன்.

மேயோஸ்டாண்ட்:

சம்பளம், வேலை வாய்ப்பு ரெண்டுலயும் நீங்க சொல்றது நியாயம், மறுக்கல. ஆனா நர்ஸிங் சீட்டுக்கு இதைவிடப் பெரிய வரிசை. முன்னாடி முடிக்க வேண்டிய பாடமும் அதிகம், அதையெல்லாம் சேர்த்தா உண்மையில ரெண்டு வருஷத்துல யாரும் முடிக்கறதில்ல. அதுக்கு மேல, வேலையே வேற. ஆர்.என். தியேட்டருக்கு வந்தா பெரும்பாலும் சர்க்குலேட்டர். ஸ்டெரைல் ஃபீல்டுக்கு வெளிய நின்னு, நோயாளியையும் சார்ட்டையும் மொத்த ரூமையும் பார்த்துக்கறவங்க. மேஜை பக்கத்துல நிக்கறது நாங்க. சர்ஜன் கை நீட்டறதுக்கு முன்னாடியே அடுத்து என்ன வேணும்னு தெரிஞ்சு வச்சிருக்கணும். எங்க ஆர்த்தோ ரூம்ல மொத்த முழங்கால் மாத்தறதுன்னா ட்ரே மேல ட்ரேயா அடுக்கியிருப்பாங்க. எலும்புல ஒட்டற சிமென்ட் கலக்கிட்டா அது இறுகறதுக்குள்ள எல்லாம் கைக்கு வந்தாகணும், "ஒரு நிமிஷம் இருங்க"ங்கற பேச்சே கிடையாது. இந்த வேலை ருசிச்சவங்களுக்கு வேற எதுவும் பிடிக்காது. பிடிக்காதவங்களை ஆறு மாசத்துல ஆளையே காணோம்.

தியேட்டருக்குள்ளயே மேல போகணும்னா சர்ஜிக்கல் ஃபர்ஸ்ட் அசிஸ்டன்ட் இருக்கு, அதுக்குத் தனிப் படிப்பு, தனிச் சான்றிதழ். எனக்கு அதுல ஒரு கண்ணு.

நீலகவுன்:

நான் நம்ம ஊர்ல ஓ.டி. டெக்னீஷியனா இருந்துட்டு வந்தவன். அந்த அனுபவத்தை வச்சு நேரா சி.எஸ்.டி. எழுத விடல, இங்க முதல்லேர்ந்து படிச்சேன். அப்ப கசந்துச்சு. அது இருக்கட்டும், தடுப்பூசி பத்தி யாரும் சொல்லலையேன்னுதான் எழுதறேன். சகோதரி, இதை இப்பவே ஆரம்பிங்க. ஹெபடைட்டிஸ் பி மூணு டோஸ் போடற வகைன்னா முடிய ஆறு மாசம் ஆகும். ஹெப்லிசாவ்னு ஒண்ணு ஒரு மாச இடைவெளியில ரெண்டே டோஸ்தான், டாக்டர்கிட்ட கேளுங்க. எம்.எம்.ஆர்., சிக்கன்பாக்ஸ் கார்டு ஊர்ல தொலைஞ்சிருந்தா ரத்தத்துல டைட்டர் (நோய் எதிர்ப்பு அளவு) பார்த்துச் சொல்வாங்க. டி.பி. டெஸ்ட்டுதான் நம்ம ஆளுங்களுக்கு வம்பு. சின்ன வயசுல பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போட்டிருப்போம், அதனால தோல்ல போடற டெஸ்ட் சிலருக்கு வீங்கி, டி.பி. இருக்கோன்னு சந்தேகப்படுவாங்க. க்வான்டிஃபெரான் மாதிரி ரத்த டெஸ்ட் பி.சி.ஜி.யால பாசிட்டிவ் ஆகாது. அதையே எடுக்கறேன்னு முதல்லயே சொல்லிடுங்க.

புதுத்துளிர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டெக்சாஸ்ல நான் இருக்கற பக்கம் சி.ஏ.ஏ.எச்.இ.பி. பட்டியல்ல ரெண்டு காலேஜ் இருக்கு, அந்த நாலு மாசப் பேர் ரெண்டு பட்டியல்லயும் இல்ல. மேயோஸ்டாண்ட் அக்கா, இன்னும் ரெண்டு சந்தேகம். சி.எஸ்.டி. பரீட்சை ரொம்பக் கஷ்டமா? அப்புறம் இதைக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு, தாலி, வளையல், மூக்குத்தி எல்லாம் கழட்டணுமா? மாமியார் முதல்ல கேட்டதே அதைத்தான்.

மேயோஸ்டாண்ட்:

கேக்கறதுல என்னம்மா இருக்கு, நம்ம பொண்ணுங்க எல்லாருமே கேக்கறதுதான்.

பரீட்சை 175 கேள்வி, நாலு மணி நேரம். 150-க்குத்தான் மார்க், 25 சோதனைக் கேள்வி, எது எதுன்னு நமக்குத் தெரியாது. கிளினிக்கல் முடிச்ச சூட்டோட எழுதிடுங்க, ஆறு மாசம் தள்ளினா மருந்துப் பேர், தையல் நூல் வகை எல்லாம் மறக்கும். பாஸ் பண்ணினா அதோட விடமாட்டாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை 30 கிரெடிட் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்கணும்.

நகை: ஸ்க்ரப் பண்றவங்க கையிலயும் மணிக்கட்டுலயும் ஒண்ணுமே இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், கயிறு, வாட்ச், ஒட்டு நகம், எதுக்கும் பேரம் கிடையாது. மோதிரத்துக்கு அடியில கிருமி தங்கும், கழுவினாலும் போகாது, அது உங்களுக்கே தெரிஞ்ச பாடம். மூக்குத்தியை மாஸ்க் மூடணும், கம்மலைத் தொப்பி மூடணும், சில இடத்துல அதையும் கழட்டச் சொல்வாங்க. தாலிச் செயினை எங்க ஆஸ்பத்திரியில ஸ்க்ரப் டாப்புக்குள்ள வெளிய தெரியாம போட்டுக்க விடறாங்க. நான் கிளினிக்கல் போன ஆஸ்பத்திரியில கழுத்துலயும் ஒண்ணும் கூடாதுன்னுட்டாங்க, லாக்கர்ல வச்சுட்டுத்தான் போவேன். மெட்டி ஷூவுக்குள்ள இருக்கு, அதை யாரும் கேக்கறதில்ல. மாமியார்கிட்ட ஒரேயடியா "கழட்டணும்"னு சொல்லாம "லாக்கர் கொடுப்பாங்க"ன்னு ஆரம்பிங்க.

அந்த ரெண்டு காலேஜ்லயும் விண்ணப்பக் கடைசித் தேதியை இன்னிக்கே பார்த்து வைங்க. சில இடத்துல வருஷத்துக்கு ஒரு பேட்ச்தான் எடுப்பாங்க.