இரு நாடு சேர்ந்து கட்டும் அணை, பாலம்: கடன் கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். இப்போது ஆப்பிரிக்காவின் எல்லை தாண்டிய திட்டங்களில் நிற்கிறோம்.

லெசோத்தோ மலைத் தண்ணீர் திட்டம் அருமையான பாடம். லெசோத்தோ மலைகளில் அணை கட்டி, தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் கொண்டுபோய், லெசோத்தோவுக்கு நீர்மின்சாரமும் எடுக்கும் திட்டம் இது. 1986 ஒப்பந்தப்படி தண்ணீர் கொண்டுபோகும் செலவு தென்னாப்பிரிக்காவுடையது. மின்சாரப் பகுதி லெசோத்தோவின் பொறுப்பு. தண்ணீருக்காகத் தென்னாப்பிரிக்கா லெசோத்தோவுக்கு ராயல்டியும் (உரிமைத் தொகை) தருகிறது. யாருக்குப் பயனோ அவர்கள் கடனைச் சுமக்கிறார்கள், எவ்வளவு நியாயமான ஏற்பாடு! அப்புறம் சாம்பேசி ஆற்றின் மேல் 2021இல் திறந்த கசுங்குலா பாலம். போட்ஸ்வானாவும் சாம்பியாவும் சேர்ந்து கட்டியது. நம்ம மெட்ரோவுக்குக் கடன் தந்த அதே ஜைக்காவும் (ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு) ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன. முன்பு அங்கே லாரிகள் படகுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்தது.

அவர்கள் கேட்பது இதுதான்: கடன் டாலரிலோ யென்னிலோ, வசூல் உள்ளூர்ப் பணத்தில். நாணய மதிப்பு சரிந்தால் நட்டம் யார் தலையில்? ஒரு நாடு தன் பங்கைத் தாமதித்தால் மற்றது என்ன செய்யும்?

வங்கியில் உள்கட்டமைப்புக் கடன் பார்த்தவர்கள், துறைமுகத் திட்டங்களில் இருந்தவர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை மாலை வந்து பேச முடியுமா? தமிழில் எளிய கட்டுரை இருந்தாலும் அனுப்புங்கள்.