பனி போயிடுச்சா? (குடும்பக் குழு, 16 பிப்ரவரி 2026, மாசி 4)

சித்தி, காலை 6:40
சிவராத்திரியோட பனி சிவசிவான்னு போயிடும்னு சொல்வாங்களே. நேத்தோட சிவராத்திரி முடிஞ்சுது. வடாம் போட ஆரம்பிக்கலாமா அண்ணி?

அத்தை, 6:44
கொஞ்சம் பொறு. இந்த வருஷம் மாசி 3-லயே வந்துடுச்சு. 2024-ல மார்ச் 8, அதாவது மாசி 25. அது திதி பார்த்து வர்ற நாள், மூணு வாரம் முன்னப்பின்ன ஆகும். பனி சூரியனுக்குத்தான் கட்டுப்படும். சிவராத்திரி தள்ளி வர்ற வருஷத்துலதான் அந்தச் சொல் சரியாப் பலிக்கும்.

பெரியப்பா, 6:58
"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னும் சொல்லியிருக்காங்கம்மா. மச்சுன்னா மாடி. மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. ராத்திரியோட முன்பாதியில இறங்கினா முன்பனி, பின்பாதியில இறங்கினா பின்பனி. பனி இருக்கா இல்லையான்னு பார்த்தா பிடிபடாது. எந்தச் சாமத்துல இறங்குதுன்னு பார்க்கணும்.

நான், 7:03
நேரம் ஏன் தள்ளிப்போகுது பெரியப்பா?

பெரியப்பா, 7:12
மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கிட்டே இருக்கும். போதுமான அளவு குளிர்ந்ததும் காத்துல இருக்கிற ஈரம் அதுமேல நீராப் படியும். தையில பகல் குட்டை, தரை அதிகம் சூடேறாது, முதல் சாமத்துலயே புல் நனைஞ்சிடும். மாசியில பகல் நீளும், வெயில் உறைக்கும். அந்தச் சூடு வடியவே நடுராத்திரி ஆயிடும். பகல்ல வேர்த்த உடம்புக்கு விடியக்காலைக் குளிர் ரெண்டு மடங்காத் தெரியும். மச்சைத் துளைக்கிறது அதுதான்னு நான் நினைக்கிறேன்.

மாமா, 7:25
பார்க்கிறது சுலபம். சாயங்காலம் 6 மணிக்குத் திறந்தவெளியில வைக்கோல் பரப்பி, அதுமேல கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து வைங்க. 9, 12, 3, அப்புறம் விடியக்காலை 5:30. விரலால ஒரு இழுப்பு. 9 மணிக்கே கோடு விழுந்தா முன்பனி இன்னும் போகலை. 3 மணிக்குக் காய்ஞ்சிருந்து 5:30-க்கு மட்டும் கோடு விழுந்தா பின்பனி, முடியப்போகுது. தெளிஞ்ச ராத்திரி அஞ்சு தொடர்ந்து 5:30-க்கும் காய்ஞ்சிருந்தா பனி போயாச்சு.

அத்தை, 7:29
மரத்தடியில வைக்காதீங்க. மேலே கிளை மறைச்சா சூடு வானத்துக்குப் போகாது, தட்டு காய்ஞ்சே இருக்கும். மொட்டைமாடித் தளத்துல வெறுமனே வைச்சாலும் தப்பு. பகல் சூடு கீழேயிருந்து ஏறும், அதுக்குத்தான் வைக்கோல்.

மாமா, 7:33
ஆமா. மூட்டம் போட்ட ராத்திரியையும் கணக்குல சேர்க்கக் கூடாது. நிறையப் பேர் ஏமாறுறது இதுலதான். கிழக்குக் காத்துல ரெண்டு நாள் மேகம் நிக்கும், பனி விழாது. மேகம் கலைஞ்ச அன்னிக்கே திரும்ப வந்துடும்.
அளவும் வேணும்னா, 30 செ.மீ. சதுரப் பருத்தித் துணியைத் தட்டுமேல விரிச்சு, ராத்திரியும் காலையிலயும் சமையல் தராசுல நிறுங்க. 9 கிராம் கூடியிருந்தா 0.1 மில்லிமீட்டர் பனி.

சித்தி, 7:40
குயில் கூவுது, வேம்பு இலை உதிருதே. அதை வைச்சுச் சொல்லலாமா அண்ணே?

மாமா, 7:42
துணைக்கு வைச்சுக்கலாம்மா. ஆனா வேம்பு மண்ணுல ஈரம் குறைஞ்சாலும் உதிர்க்கும். ஒரே தெருவுல ரெண்டு மரம் ரெண்டு விதமா நிக்கும்.

அத்தை, 7:50
வடாம் இப்பவே போடணும்னா, காலையில தளம் நல்லா உலர்ந்த பிறகு பரப்பு. 5 மணிக்கு முன்னாடி உள்ளே எடுத்துடு. துணியில பிழிஞ்சு ராத்திரி வெளியிலயே விட்டா, மேலே காய்ஞ்ச மாதிரி இருக்கும், துணி ஈரத்தை இழுத்து அடிப்பக்கம் புளிச்சு, கரும்புள்ளி வந்துடும். பங்குனி பிறந்துட்டா இந்தக் கவலை குறையும்.

பெரியப்பா, 8:05
பனி சீக்கிரம் போகணும்னு எல்லாரும் வேண்டிக்காதீங்க! சம்பா தரிசுல தெளிச்ச உளுந்துக்குத் தண்ணி பாய்ச்சறதில்லை. மண்ணுல மிச்சமிருக்கிற ஈரமும் இந்தப் பனியும்தான். பூக்கிற நேரத்துல பனி நின்னு வெயில் ஏறினா பூ கொட்டும். அதுக்குத்தான் ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முதல் நாளே ஊறவைச்சு, தெளிவை வடிகட்டி, மொத்தம் 200 லிட்டராக்கிச் சாயங்காலம் தெளிக்கணும்.

சித்தி, 8:11
சரி, இன்னிக்கே தட்டு வைச்சிடுறேன். 3 மணிக்குத்தான் எழுந்திருக்க முடியாது.

மாமா, 8:13
12-க்கும் 5:30-க்கும் பார்த்தாலே போதும்மா. வானம் தெளிஞ்சிருந்துதான்னு பக்கத்துல எழுதி வைச்சுடுங்க.