டிஹியுமிடிஃபையர்: கம்பிரசர் ஓடுது, ஃபேன் உடனே சுத்துதில்ல

வெள்ளவத்தை_மாடி:
புத்தக அலுமாரி இருக்கிற அறையில காத்தில இருக்கிற ஈரத்தை எடுக்க வைக்கிற மெஷின். சுவிட்ச் போட்டா ஃபேன் மோட்டர் உறுமுது, சுத்தத் தொடங்க அஞ்சு பத்து நிமிஷம் எடுக்குது. தொட்டியில தண்ணி சேருதில்ல, குளிராகிற கொயில்ல ஐஸ் பிடிச்சிருக்கு. மோட்டர் லேபிள்ல 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 1.5 மைக்ரோஃபரட் என்று இருக்கு. மோட்டரை முழுசா மாத்தணும் என்கிறார் கடைக்காரர். உள்ள இருக்கிற குளிரூட்டுற கேஸ் குறைஞ்சிருக்குமா?

ஸ்பானர்:
கேஸ் குறைஞ்சாலும் ஐஸ் பிடிக்கும்தான், ஆனா ஃபேன் நிக்கிற இடத்தில அதைத் தேட வேண்டாம். காத்து ஓடாட்டி கொயில் பூச்சியத்துக்குக் கீழ போயிடும். ஐஸைக் கத்தியால சுரண்டாதீங்க. குழாய் ஓட்டையானா அப்ப கேஸ் போனது போனதுதான்.

பிளக்கைக் கழட்டி, ஐஸ் உருகினதும் விசிறியை விரலால தட்டிப் பாருங்க. நாலஞ்சு சுத்து ஓடி மெல்ல நின்றா மோட்டரைச் சுத்தத் தொடங்க வைக்கிற கப்பாசிட்டரில சந்தேகம் (லேபிள்ல இருக்கிற 1.5 மைக்ரோஃபரட் அதோட அளவுதான்). உடனே நின்றா சாஃப்ட்டை, அதாவது சுத்துற அச்சைத் தாங்கிற புஷ் இறுகியிருக்கு.

கப்பாசிட்டரோட ரெண்டு முனையையும் 10 கிலோஓம் ரெசிஸ்டரால சில விநாடி இணைச்சு டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, ஒரு வயரைக் கழட்டி மீட்டர்ல அளங்க. 1.5க்கு 5 வீதம் கூடிக் குறையலாம். 1.2க்குக் கீழ என்றா தூக்கி எறியுங்க. சீலிங் ஃபேனுக்குப் போடுற அதே கறுப்புப் பெட்டி, 450 வோல்ட் ஏசி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கேளுங்க. 2.5 போட்டா நல்லா இழுக்கும் என்று யாராவது சொன்னா வாங்காதீங்க. இழுக்கும், மோட்டருக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள் வைண்டிங்கும் கருகும்.

வெள்ளவத்தை_மாடி:
0.7 காட்டுது. விசிறியும் இறுக்கமாத்தான் இருக்கு.

கொயில்_மாமா:
அப்ப ரெண்டையும் செய்யுங்கோ. கழட்ட முதல் வயர் நிறங்களையும், சாஃப்ட்டில எந்தப் பக்கம் எத்தனை வொஷர் என்றதையும் படம் எடுங்கோ. புஷ்ஷைச் சுத்தி ஒரு ஃபெல்ட் துண்டு இருக்கும், அதில எண்ணெய் காய்ஞ்சு பிசினாகியிருக்கும். அல்கஹோல் தொட்ட பஞ்சால சாஃப்ட்டையும் புஷ்ஷையும் துடைச்சு, பக்கத்துக்கு 3, 4 துளி தையல் மெஷின் எண்ணெயை ஃபெல்ட்டில விடுங்கோ. கூட விட்டா வைண்டிங்கில வழிஞ்சு தூசியைப் பிடிச்சு வைக்கும்.

துரு நீக்கிற ஸ்பிரே வேண்டாம். அடிச்ச உடனே ஜோரா சுத்தும். ஆனா மிச்சமிருக்கிற எண்ணெயையும் கழுவிட்டு ஆவியாகிடும். நம்மட ஆக்கள் விடுற தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம்.

சாஃப்ட்டைப் பக்கவாட்டில அசைச்சா டக் டக் என்று ஆடுதா? புஷ் தேய்ஞ்சு போச்சு, எண்ணெயால ஒண்டும் ஆகாது. அப்ப கடைக்காரர் சொன்னதுதான் சரி.

ஐம்பது_ஹேர்ட்ஸ்:
உறுமுறதால மோட்டருக்குள்ள இருக்கிற, சூடு கூடினா கரண்டை வெட்டுற வெப்ப ஃபியூஸ் நல்லா இருக்கு. இதை வாசிக்கிற வேற யாருக்காவது உறுமலே இல்லாட்டி, மோட்டருக்கு கரண்ட் வருதா என்று பார்த்துட்டு அந்த ஃபியூஸைச் சோதிங்க. அதே வெப்ப அளவில புதுசு போடணும்; சோல்டர் சூட்டிலயே போயிடும், கிரிம்ப் பண்ணுங்க, அதாவது உலோகக் குழலில வயரை வைச்சு நசுக்கி இணையுங்க.

அமெரிக்காவில இருந்து வந்த 60 ஹேர்ட்ஸ் மெஷின்களில இன்னொரு சிக்கல். டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், இங்க வாற 50 ஹேர்ட்ஸை மாத்தாது. மோட்டர் மெதுவாவும் சூடாவும் ஓடும்.

மாடி, மூடின பிறகு முதல்ல ஃபேனை மட்டும் அரை மணித்தியாலம் ஓட்டுங்க. பிறகு பிளக்கைக் கழட்டிட்டு மோட்டரில கை வையுங்க. கை வைக்க முடியாத சூடு என்றா புஷ் இன்னும் பிடிக்குது.