எலி கடித்த ஒயரிங்கை இணைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ராயக்கோட்டை சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் எங்கள் மினி லாரியில் டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஒயர்கள் சிலவற்றை எலி கடித்துவிட்டது. ஒன்றில் செம்புக் கம்பி பச்சை பூத்து, தோலுக்குள்ளும் கறுத்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். வண்டியின் அதிர்வுக்கு அது தாங்காது என்பது என் கருத்து. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் ஊறிய பகுதி விறைத்து, அதன் ஓரத்தில் கம்பி அறுந்துவிடக்கூடும் என்பதால், செம்பு ஸ்லீவில் (ஒயர்களை இணைக்கும் சிறு குழல்) இரு முனைகளையும் நுழைத்து, கிரிம்பிங் கருவியால் நசுக்கி, உட்புறம் பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட எண்ணியுள்ளேன். இணைப்புகள் ஒரே இடத்தில் புடைக்காதபடி முன்பின்னாக அமைப்பேன்.

கறுத்த கம்பியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிமனில் புது ஒயர் சேர்ப்பது சரியா? 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கான தரமான ஸ்லீவ் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ எங்கே கிடைக்கும்?