பசுந்தேயிலைக் கணக்கு: காவல் டேபிளிலா, நிரலிலா?

குன்னூர் மேகம்:
கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதுகிறோம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை மையத்தில் எடை போட்டு, ஊழியர் கைபேசியில் பதிவார். சிக்னல் கிடைத்ததும் அது சர்வருக்குப் போகும். அங்கே போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். கூட வேலை செய்பவர், டேபிளில் (தரவு அட்டவணையில்) ஃபாரின் கீ (இன்னொரு டேபிளில் இருக்கும் எண்ணை மட்டுமே ஏற்கும் விதி), யுனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற விதி), செக் (மதிப்பு ஒரு நிபந்தனைக்குள் இருக்க வேண்டும் என்ற விதி) எதுவும் வேண்டாம், சரிபார்ப்பு முழுவதும் நிரலில் இருக்கட்டும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து?

எடக்காட்டான்:
அவர் சொல்வதுதான் சரி. அப்பா நிலத்தைப் பிரித்துக் கொடுத்திருப்பார், மகன் பெயரில் இன்னும் விவசாயி எண் ஏறியிருக்காது. எடை போட்டாகிவிட்டது, லாரியும் கிளம்பிவிட்டது. அப்போது ஃபாரின் கீ ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று எடைச் சீட்டைத் திருப்பினால், அந்த இலைக்கு யார் பொறுப்பு? நடந்ததை முதலில் பதிய வேண்டும். திருத்துவதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அதோடு, டேபிள் தரும் பிழைச் செய்தி எடை போடுகிறவருக்குப் புரியாது. நிரலில் இருந்தால் தமிழிலேயே சொல்லலாம்.

மஞ்சூர் மழை:
எடக்காட்டாரே, இலை போய்விடக் கூடாது என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இரட்டைப் பதிவை நிரல் மட்டும் எப்படித் தடுக்கும்? கைபேசி சீட்டை அனுப்புகிறது, சர்வர் பதிந்துவிடுகிறது, பதில் திரும்புவதற்குள் சிக்னல் அறுந்துவிடுகிறது. கைபேசி மறுபடி அனுப்பும். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால், ‘இந்தச் சீட்டு ஏற்கெனவே இருக்கிறதா?’ என்று நிரல் இரண்டு முறை கேட்கும். இரண்டு முறையும் ‘இல்லை’ என்றே பதில் வரும். ஒரே மூட்டைக்கு இரண்டு முறை பணம்! செலெக்ட் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு இன்செர்ட் போட்டுப் பதிவதில் இந்த இடைவெளி எப்போதும் இருக்கும். யுனிக் இருந்தால் இரண்டாவது உள்ளே வராது.

அப்புறம், சீட்டு எண் கைபேசியிலேயே, எடை போடும் நொடியில் உருவாக வேண்டும். சர்வர் தரும் வரிசை எண்ணை நம்பினால் மறுபடி வரும் சீட்டுக்குப் புது எண் கிடைத்துவிடும், யுனிக் இருந்தும் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ (ஏற்கெனவே இருந்தால் பிழை சொல்லாமல் விட்டுவிடு) என்ற கட்டளை இருக்கிறது. இரண்டாவது முறை வந்தாலும் ‘பதிவாகிவிட்டது’ என்றே பதில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் கைபேசி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எடக்காட்டான்:
சரி, யுனிக்கை ஒப்புக்கொள்கிறேன். ஃபாரின் கீயை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மகனின் சீட்டு இன்னும் வெளியேதான் நிற்கிறது.

கீழ்க்கோத்தகிரி:
அதற்கு இரண்டு டேபிள் வையுங்கள் அண்ணா. வருகைப் பதிவு ஒன்று: கைபேசி அனுப்பியதை அப்படியே வாங்கிக்கொள்ளும், அங்கே சீட்டு எண் யுனிக் என்பது மட்டும்தான் விதி. கணக்கு டேபிள் இன்னொன்று: விவசாயி எண்ணுக்கு ஃபாரின் கீ உண்டு. பணம் பட்டுவாடா இதிலிருந்து மட்டும். மகனின் சீட்டு முதல் டேபிளில் பத்திரமாக இருக்கும், எண் ஏறியதும் கணக்குக்குப் போகும்.

டேபிளைத் தொடப்போவது உங்கள் நிரல் மட்டுமா? கணக்குப்பிள்ளை எக்செல்லிலிருந்து ஏற்றுவார், வேறொருவர் நேரே டேபிளில் அப்டேட் அடித்து மாற்றுவார். பல நிரல்கள் ஒரே தரவைப் பகிரும் நிலையை மனத்தில் வைத்துத்தான் 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் ரிலேஷனல் மாதிரியை (தரவை டேபிள்களாக அமைக்கும் முறையை) முன்வைத்தார். நிரலில் வைத்த காவல் அந்த நிரலின் வழியாக வருபவரை மட்டுமே தடுக்கும்.

கூடலூர் கணினி:
ஒரு எச்சரிக்கை. டேபிளில் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் செக் விதியைப் பிழை சொல்லாமல் வாங்கிக்கொண்டு, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கைபேசியில் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் வைத்தால் ஃபாரின் கீ இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். விதி எழுதியதும் வேண்டுமென்றே ஒரு தப்பான பதிவை ஏற்றிப் பாருங்கள்.

குன்னூர் மேகம்:
இரண்டு டேபிள் யோசனை பிடித்திருக்கிறது. விலையை எங்கே வைப்பது? இலை வாங்கும் நாளில் அந்த மாத விலை தெரியாதே.

மஞ்சூர் மழை:
சீட்டில் விலைக்கு இடமே வேண்டாம். இடம் இருந்தால் யாராவது பூஜ்யம் போட்டு வைப்பார்கள், பிறகு அது தெரியாத விலையா, விலையே பூஜ்யமா என்று குழம்பும். மாத விலைக்குத் தனி டேபிள், மாதமும் தரமும் சேர்ந்து பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது). தொகையை நியூமெரிக்கில் (தசமத்தைத் துல்லியமாக வைக்கும் வகை) வையுங்கள். ஃப்ளோட்டில் (தோராயமாக வைக்கும் வகை) 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 சரியாக வராது, விவசாயி பணத்தில் பைசா கூடக் குறையக் கூடாது.

எடக்காட்டான்:
கீழ்க்கோத்தகிரித் தம்பி சொன்ன இரண்டு டேபிள் ஏற்பாட்டுக்கு நான் சம்மதம். ஆனால் செக் விதியில் விடமாட்டேன். எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது என்றைக்கும் மாறாதது, அது டேபிளில் இருக்கட்டும். ‘ஒரு சீட்டில் 200 கிலோவுக்கு மேல் கூடாது’ என்பது போன்ற விதி வெறும் பழக்கம். கொழுந்து அள்ளிக் கொடுக்கும் வாரத்தில் அது உடையும், நேர்மையாக உழைத்தவரின் சீட்டுதான் மாட்டும். அதை நிரலில் எச்சரிக்கையாகக் காட்டுங்கள், ஊழியர் ‘ஆமாம், சரிதான்’ என்று அழுத்தினால் உள்ளே விடுங்கள்.

மஞ்சூர் மழை:
அழுத்தியது யார், எப்போது என்பதையும் அதே பதிவில் நாட் நல்லாக (காலியாக விட முடியாதபடி) வைத்தால் எனக்கும் சம்மதம்.